மருத்துவமனையைக் கம்பெனியாக்கலாமா: பாளையங்கோட்டை ஆடிட்டர் அலுவலகம் ஒன்றின் சேவை பற்றி

பாளையங்கோட்டையில் 12 படுக்கைகளுடன் நான் தனி உரிமையாளராக நடத்திவரும் குழந்தைகள் மருத்துவமனையை, எலும்பு மருத்துவரான என் கணவரும் மயக்கவியல் மருத்துவரான நண்பர் ஒருவரும் சேர்ந்து 30 படுக்கைகளாக விரிவாக்குவது என்று முடிவெடுத்தபோது, கட்டட வரைபடத்துக்கும் முன்னதாக எங்கள் முன் வந்து நின்ற கேள்வி, அதை யார் பெயரில், எந்த வடிவில் நடத்துவது என்பதுதான். நாங்கள் மூவரும் ஹைகிரவுண்டில், அதாவது திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியில், ஒரே ஆண்டில் படித்தவர்கள். அங்கே எங்களுக்கு உடற்கூறியல் சொல்லித் தந்தார்கள், சட்டமுறைப் பிரேதப் பரிசோதனை சொல்லித் தந்தார்கள், ஆனால் லாபத்துக்கும் சம்பளத்துக்கும் என்ன வேறுபாடு என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை. ஆகவே ஆலோசனைக்குப் போனோம். இரண்டு அலுவலகங்களுக்குப் போனோம். இந்த மதிப்புரை இரண்டாவது அலுவலகத்தைப் பற்றியது. முதலாவதைப் பற்றியும் கொஞ்சம் சொல்லாமல் இருக்க முடியாது. இரண்டின் பெயரையும் இங்கே குறிப்பிடப் போவதில்லை.

முதல் அலுவலகத்தில் அரை மணி நேரம் இருந்தோம். "கம்பெனி போட்டுருங்க டாக்டரம்மா, வரி 25 சதவீதம்தான், கேஸ் வந்தாலும் உங்க தலைக்கு வராது" என்றார்கள். மூவருக்கும் சரிசமமாக மூன்றில் ஒரு பங்கு என்று ஒரு தாளில் எழுதி, 15,000 ரூபாய் கட்டணம் என்று சொல்லி, டிஜிட்டல் கையொப்பத்துக்கான படிவங்களை நீட்டினார்கள். இரண்டாவது அலுவலகம் 60,000 ரூபாய் வாங்கியது, ஏழு வாரம் எடுத்துக்கொண்டது, நான்கு முறை எங்களை உட்கார வைத்தது, கடைசியில் அதுவும் பிரைவேட் லிமிடெட் கம்பெனிதான் என்றது. நான்கு மடங்கு பணம் கொடுத்து அதே விடையையா வாங்கினாய் என்று என் மாமனார் கேட்டார். அவருக்கு அன்று சொல்லத் தெரியாத பதில்தான் கீழே இருப்பது.

இரண்டாவது அலுவலகத்தின் மூத்த ஆடிட்டர் முதல் நாளில் எந்த ஆலோசனையும் சொல்லவில்லை. மூன்று ஆண்டுக் கணக்கு, வங்கியின் கடன் அனுமதிக் கடிதம், எங்கள் ஒவ்வொருவரின் தொழில்சார் இழப்பீட்டுக் காப்பீட்டு ஆவணம், இடத்தின் பத்திரம் ஆகியவற்றைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார்: வருகிற லாபத்தில் மாதாமாதம் வீட்டுக்கு எவ்வளவு எடுப்பீர்கள், மருத்துவமனைக்குள்ளேயே எவ்வளவு விடுவீர்கள்? எங்களிடம் பதில் இல்லை. நான் இத்தனை வருடமும் கல்லாவிலிருந்து தேவைப்பட்டபோது எடுத்தவள். என்ன எடுத்தேன் என்று மார்ச் மாதத்தில்தான் எனக்கே தெரியும். அந்தக் கேள்விக்குப் பதில் தயாரிக்கவே எங்களுக்கு இரண்டு வாரம் பிடித்தது, அதன் பிறகுதான் அவர் கணக்குப் போட்டார்.

அந்தக் கணக்கைச் சுருக்கித் தருகிறேன். 2025-26 நிதியாண்டின் விகிதங்களும் தனிநபருக்குப் புதிய வரித்திட்டமும் எடுத்துக்கொள்ளப்பட்டன. மருத்துவர்களுக்கு எதுவும் கொடுப்பதற்கு முன் ஆண்டு லாபம் 90 லட்சம் என்று வைத்துக்கொண்டார். கூட்டாண்மை நிறுவனமோ, எல்.எல்.பி. எனப்படும் வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மையோ ஆனால், உழைக்கும் பங்காளிகளுக்குக் கொடுக்கும் ஊதியத்துக்கு வருமான வரிச் சட்டத்தின் 40(பி) பிரிவு உச்சவரம்பு வைத்திருக்கிறது. முதல் 6 லட்சத்தில் 90 சதவீதம், மீதியில் 60 சதவீதம் என்ற அந்தக் கணக்கின்படி மூவருக்கும் சேர்த்து 55.8 லட்சம்தான் செலவாகக் கழியும். ஆளுக்கு 18.6 லட்சம் ஊதியத்துக்கு மூவரும் கட்டும் வரி 5.37 லட்சம், நிறுவனத்தில் மிஞ்சும் 34.2 லட்சத்துக்கு மேல்வரியோடு 31.2 சதவீதம், அதாவது 10.67 லட்சம், ஆக மொத்தம் சுமார் 16.04 லட்சம். அதன் பிறகு பங்காளிகள் அந்த லாபத்தைப் பிரித்துக்கொள்ளும்போது 10(2ஏ) பிரிவின்படி மறுபடி வரி இல்லை.

கம்பெனி என்றால் குறைந்த வரி விகிதம் தரும் 115பிஏஏ பிரிவைத் தேர்ந்தெடுத்து, கூடுதல் வரியும் மேல்வரியும் சேர்த்து 25.168 சதவீதம். முதல் அலுவலகம் சொன்ன 25 சதவீதம் இதுதான். அவர்கள் பொய் சொல்லவில்லை, பாதியில் நிறுத்திவிட்டார்கள். ஏனென்றால் 2020 ஏப்ரலிலிருந்து டிவிடெண்டுக்கான, அதாவது பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் லாபத்துக்கான, வரி கம்பெனியின் தலையிலிருந்து பங்குதாரரின் தலைக்கு மாறிவிட்டது. அதே 18.6 லட்சத்தை ஆளுக்குச் சம்பளமாக எடுத்துக்கொண்டு, மிஞ்சியதைக் கம்பெனி வரி போக டிவிடெண்டாகப் பிரித்தால், கம்பெனியும் நாங்களும் சேர்ந்து கட்டுவது 20.2 லட்சம், எல்.எல்.பி.யைவிட நான்கு லட்சத்துக்கும் மேல் அதிகம். மாறாக 90 லட்சத்தையும் ஆளுக்கு 30 லட்சம் சம்பளமாகவே எடுத்தால் 14.27 லட்சம். 18.6 லட்சம் மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைக் கம்பெனியிலேயே விட்டுவைத்தால் 13.51 லட்சம். ஒரே மருத்துவமனை, ஒரே லாபம், ஒரே கம்பெனி. பணத்தை எடுக்கிற வழியைப் பொறுத்து ஏறத்தாழ 7 லட்சம் வேறுபாடு. இந்த நான்கு எண்களையும் ஒரே பக்கத்தில் அருகருகே வைத்துக் காட்டியதற்காகவே நான் அந்த 60,000 ரூபாயைக் குறைசொல்ல மாட்டேன்.

எங்கள் விஷயத்தில் தீர்மானித்தது வங்கிக் கடன். கடனின் வட்டி செலவாகக் கழியும், அசல் கழியாது. வரி கட்டி மிஞ்சிய லாபத்திலிருந்துதான் அசலைத் திருப்பிக் கட்ட வேண்டும். அப்படியானால் முதல் பல ஆண்டுகளுக்கு லாபத்தின் பெரும்பகுதி உள்ளேயே நிற்கப் போகிறது, உள்ளே நிற்கும் பணத்துக்கு 31.2-ஐவிட 25.168 குறைவு என்பதுதான் அவர் கம்பெனியைச் சொன்னதற்குக் காரணம். கடன் இல்லாமல், சம்பாதித்ததை அப்படியே வீட்டுக்கு எடுத்துச் செல்லும் ஒரு மருத்துவர் இதே அலுவலகத்துக்குப் போனால் வேறு விடையோடுதான் திரும்புவார் என்று நினைக்கிறேன். எங்களுக்கு முன்னால் காத்திருந்த, தென்காசிப் பக்கத்தில் தனியாக கிளினிக் வைத்திருக்கும் ஒரு தோல் மருத்துவரிடம், நீங்கள் இப்படியே இருங்கள் என்று சொல்லி அனுப்பியதை நானே கேட்டேன். ரொக்க வரவு 5 சதவீதத்தைத் தாண்டாமல், ஆண்டு வரவு 75 லட்சத்துக்குள் இருந்தால், 44ஏடிஏ பிரிவின்படி வரவில் பாதியை வருமானமாகக் காட்டிக் கணக்குப் புத்தகத் தொல்லையில்லாமல் இருக்கலாம். இந்தச் சலுகை தனிநபருக்கும் சாதாரணக் கூட்டாண்மைக்கும் உண்டு, எல்.எல்.பி.க்கும் கம்பெனிக்கும் கிடையாது. வந்த வாடிக்கையாளரைக் கம்பெனிப் பதிவுக் கட்டணம் இல்லாமல் திருப்பி அனுப்புகிற அலுவலகம் எங்கள் ஊரில் எத்தனை இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

அடுத்து, பங்கு விகிதம். முதல் அலுவலகம் எழுதித் தந்த மூன்றில் ஒரு பங்கு எங்களுக்கு நியாயமாகத்தான் பட்டது. நண்பர்களுக்குள் ஏற்றத்தாழ்வு எதற்கு என்றுதான் நாங்களும் நினைத்தோம். இந்த அலுவலகம் அந்தத் தாளைப் பார்த்ததும் 47(14) பிரிவை எடுத்து வைத்தது. தனி உரிமையாளரின் தொழில் அப்படியே ஒரு கம்பெனிக்கு மாறும்போது அதைச் சொத்து விற்பனையாகக் கருதி மூலதன ஆதாய வரி கேட்காமல் இருக்க வேண்டுமானால், தொழிலின் சொத்துகளும் கடன்களும் முழுவதுமாகக் கம்பெனிக்குப் போக வேண்டும், பழைய உரிமையாளருக்குப் பங்குகளைத் தவிர வேறெதுவும் கைமாறாகக் கிடைக்கக் கூடாது, கம்பெனியின் வாக்குரிமையில் பாதிக்குக் குறையாமல் அவரிடம் 5 ஆண்டுகள் இருக்க வேண்டும். கணவர் பெயரில் இருக்கும் பங்கு இதில் சேராது. மூன்றில் ஒன்று என்று பதிவு செய்திருந்தால் முதல் நாளிலேயே அந்த விலக்கு போயிருக்கும். இப்போது எனக்கு 50, நண்பருக்கு 33, கணவருக்கு 17 என்று வைத்திருக்கிறோம். ஐந்து ஆண்டு கழித்துச் சரிசெய்துகொள்வதாக எங்களுக்குள் எழுத்துமூலம் ஒப்பந்தம். வீட்டில் 17 சதவீதக்காரர் என்று கணவரைக் கேலி செய்வது ஒரு பக்கம் நடந்துகொண்டிருக்கிறது.

கணவன் மனைவி இருவரும் ஒரே கம்பெனியில் சம்பளம் வாங்கினால் ஒருவருடைய வருமானத்தை மற்றவருடன் சேர்த்துவிடுவார்களே என்ற பயமும் எங்களுக்கு இருந்தது. 64-ஆம் பிரிவு சொல்வது உண்மைதான், ஆனால் தொழில்நுட்ப அல்லது தொழில்முறைத் தகுதியால் ஈட்டிய சம்பளத்துக்கு அது பொருந்தாது என்பதால் எலும்பு மருத்துவரின் சம்பளம் எலும்பு மருத்துவருக்கே. மருத்துவம் படிக்காத வாழ்க்கைத் துணையை நிர்வாகி என்று காட்டி ஒரு தொகை எழுதிவைக்கும் பழக்கம் எங்கள் வட்டாரத்தில் பலரிடம் உண்டு. அவர்கள் இந்தப் பிரிவை ஒருமுறை வாசிப்பது நல்லது. எனக்குத் தனியாக விழுந்த எச்சரிக்கை கல்லாவைப் பற்றியது. கம்பெனியின் பணம் கம்பெனியுடையது. 10 சதவீதத்துக்குக் குறையாத வாக்குரிமை உள்ள பங்குதாரர் அதிலிருந்து கைமாற்றாக எடுத்தால், திரட்டப்பட்ட லாபத்தின் அளவுக்கு அதை டிவிடெண்டாகவே கருதி வரி போடுவார்கள். "மகள் கல்யாணத்துக்கு எடுத்துட்டு அப்புறம் போட்டுக்கலாம்னு நினைக்காதீங்க டாக்டரம்மா" என்றார் ஆடிட்டர். மகளுக்கு இப்போது ஒன்பது வயது. இருந்தாலும் சொன்னது சரிதான்.

வரியைப் பற்றிப் பேசியதைவிடப் பொறுப்பைப் பற்றிப் பேசியபோதுதான் இந்த அலுவலகத்தின் நேர்மை தெரிந்தது. 'கேஸ் வந்தாலும் உங்கள் தலைக்கு வராது' என்ற வாக்கியத்தை நான் அப்படியே அவரிடம் ஒப்பித்தேன். அவர் சிரிக்கவில்லை. என் கையால் நடக்கும் தவறுக்கு எந்தக் கம்பெனியும் குறுக்கே நிற்காது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் வி.பி. சாந்தா வழக்கில் தீர்ப்பளித்ததிலிருந்து, சிகிச்சை தந்த மருத்துவரும் எதிர்மனுதாரர், மருத்துவமனையும் எதிர்மனுதாரர். அலட்சியத்தால் மரணம் என்று குற்ற வழக்கு வந்தால், 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு, பதிவு பெற்ற மருத்துவருக்கு 2 ஆண்டு வரை சிறை என்கிறது. சிறைக்குப் போவது ஆளே தவிரக் கம்பெனி அல்ல.

அப்படியானால் வடிவத்தால் என்ன பயன்? அது அடுத்தவரின் தவறிலிருந்து காக்கிறது. நண்பருக்கு அம்பாசமுத்திரம் பக்கத்தில் பரம்பரை வயல் இருக்கிறது. 1932-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டத்தின்படி சாதாரணக் கூட்டாண்மை வைத்தால், என் கணவர் அறுவை அரங்கில் செய்த தவறுக்கான இழப்பீடு, நிறுவனத்தின் சொத்து போதவில்லையென்றால், அந்த வயல் வரை போகலாம். பங்காளிகள் ஒவ்வொருவரும் கூட்டாகவும் தனியாகவும் பொறுப்பு. 2008-ஆம் ஆண்டின் எல்.எல்.பி. சட்டத்தின் 28-ஆம் பிரிவு அந்தச் சங்கிலியை அறுத்து, அவரவர் தவறு அவரவருக்கு மட்டும் என்கிறது. கம்பெனியிலும் நிலைமை அதுவே. ஆனால் மருத்துவமனையின் பொறுப்பு எங்கும் போகாது. வெளியிலிருந்து வந்துபோகும் மருத்துவரின் தவறுக்கும் மருத்துவமனை பதில் சொல்ல வேண்டும் என்பது 2004-இல் சவிதா கார்க் வழக்கில் முடிவான விஷயம். அந்த இழப்பீடு கம்பெனியின் பணத்திலிருந்து போகும்போது, அது மூவரின் பணமும்தான்.

வயல் தப்பியது என்று நண்பர் நிம்மதியாக மூச்சு விட்டபோது, ஆடிட்டர் வங்கிக் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். இயக்குநர்கள் அனைவரின் வரம்பற்ற சொந்த உத்தரவாதம் என்று அதில் இருந்தது. சட்டம் முன்வாசலில் அடைத்ததை நாமே பின்வாசலில் திறந்துவிடுவது இதுதான். அவர் வங்கி மேலாளரோடு பேசி, நண்பரின் உத்தரவாதத்தை ஒரு குறிப்பிட்ட தொகை வரை என்று மாற்றி எழுத வைத்தார். எனக்கும் கணவருக்கும் அந்தச் சலுகை கிடைக்கவில்லை. கம்பெனி கட்டாத வருமான வரியை அதனிடமிருந்து வசூலிக்க முடியாமல் போனால், தங்கள் தரப்பில் பெரும் கவனக்குறைவு இல்லை என்று நிரூபிக்காத இயக்குநர்களிடம் 179-ஆம் பிரிவின்படி வசூலிக்கலாம் என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டோம். எல்.எல்.பி.க்கும் இதற்கு இணையான பிரிவு இருக்கிறது.

காப்பீட்டு ஆவணங்களை முதல் நாளே வாங்கி வைத்ததன் காரணமும் அப்போது புரிந்தது. எங்கள் மூவரின் காப்பீடும் தனிநபர் பெயரில் மட்டுமே இருந்தது; கம்பெனியின் மேல் வரும் கோரிக்கைக்கு அது உதவாது, நிறுவனத்துக்கென்று தனியாக எடுக்க வேண்டும். இந்தக் காப்பீடுகள் சிகிச்சை நடந்த தேதியை மட்டும் வைத்து ஓடுவதில்லை, கோரிக்கை வரும் நாளிலும் நடப்பில் இருக்க வேண்டும். கம்பெனி வந்துவிட்டதே என்று பழைய தனிநபர் காப்பீட்டைப் புதுப்பிக்காமல் விட்டால், முன்பு பார்த்த நோயாளிகளுக்கான பாதுகாப்பு அன்றோடு அறுந்துவிடும். இதைச் சொல்ல வேண்டியவர் காப்பீட்டு முகவர், அவர் சொல்லவில்லை.

இடையில் அமெரிக்காவில் இருக்கும் என் மைத்துனர், அங்கே எல்லா மருத்துவர்களும் புரொஃபஷனல் கார்ப்பரேஷன் வைத்திருக்கிறார்களே, அதையே வையுங்கள் என்று தொலைபேசியில் சொன்னார். அதையும் ஆடிட்டரிடம் கேட்டோம். அங்கே அது மாநிலச் சட்டங்களின்படி அமையும் தனி வகை. உரிமம் பெற்ற தொழில்முறையாளர்கள்தான் பொதுவாகப் பங்கு வைத்திருக்க முடியும். அங்கும் தன் சொந்தத் தவறுக்கான பொறுப்பிலிருந்து அது மருத்துவரைக் காப்பதில்லை. அங்குள்ள வரி ஆதாயத்தில் ஒரு பகுதி, லாபத்துக்குக் கம்பெனிக்குப் பதில் பங்குதாரரே வரி கட்டும் எஸ் கார்ப்பரேஷன் முறையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, நியாயமான சம்பளத்துக்கு மேல் வரும் லாபத்துக்குச் சமூகப் பாதுகாப்பு வரி கட்டாமல் தப்புவதில் இருக்கிறது. நம் ஊரில் மருத்துவர் வருமானத்தின் மேல் அப்படியொரு வரியே இல்லாததால் மிச்சம் பிடிக்கவும் ஒன்றுமில்லை. நம் கம்பெனிச் சட்டத்தில் மருத்துவருக்கென்று தனி வகையும் கிடையாது. அரிசி ஆலை நடத்துகிறவருக்கும் எங்களுக்கும் ஒரே பிரைவேட் லிமிடெட்தான்.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஆலோசனை அறிக்கை 22 பக்கம், முழுவதும் ஆங்கிலத்தில். எழுத்துக்குறிப்பாகத் தமிழில் ஒரு பக்கம் கேட்டதற்கு, அப்படிச் செய்து பழக்கமில்லை என்றார்கள். இடத்தின் உரிமையாளரான என் மாமனாருக்கு அதை நான்தான் உட்கார்ந்து விளக்கினேன். பதிவுக் கட்டணம், ஆண்டுதோறும் கட்டாயமாகும் தணிக்கைக் கட்டணம், கம்பெனிப் பதிவாளருக்கான படிவங்களின் கட்டணம் ஆகியவை 60,000-இல் சேராது என்பதை மூன்றாவது சந்திப்பில்தான் சொன்னார்கள். முதல் நாளே ஒரு தாளில் கொடுத்திருக்கலாம். கம்பெனி வடிவம் லாபம் வந்தாலும் வராவிட்டாலும் இந்தச் செலவைத் தின்னும் என்பது ஒப்பீட்டுக் கணக்கிலேயே வந்திருக்க வேண்டிய எண்.

பெரிய குறை உரிமங்களைப் பற்றியது. வருமான வரியையும் கம்பெனிச் சட்டத்தையும் கரைத்துக் குடித்தவர்கள், மருத்துவமனை என்பது ஒரு கட்டு உரிமங்களின் மேல் நிற்பது என்பதைக் கவனிக்கவில்லை. தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் சட்டப் பதிவு, மருத்துவக் கழிவுக்கான மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அங்கீகாரம், ஸ்கேன் கருவிக்கு, கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப் பதிவு, எக்ஸ்ரே கருவிக்கான அணுசக்தி ஒழுங்குமுறை வாரியப் பதிவு, மருந்துக்கடை உரிமம், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்திருக்கும் ஒப்பந்தம் ஆகிய எல்லாமே என் சொந்தப் பெயரில் இருந்தன. கம்பெனி என்பது சட்டத்தின் கண்ணில் வேறு ஆள். மருந்துக்கடை நடத்துபவரின் அமைப்பு மாறினால் பழைய உரிமம் அதிகபட்சம் மூன்று மாதம்தான் செல்லும் என்பதை எங்களுக்குச் சொன்னது ஆடிட்டர் அல்ல, மருந்துக்கடையில் இருபது வருடமாக இருக்கும் எங்கள் மருந்தாளுநர் அண்ணாச்சி. மாற்றத் தேதியை ஆறு வாரம் தள்ளிப்போட வேண்டியதாயிற்று. இதைச் சுட்டிக்காட்டியபோது மூத்த ஆடிட்டர் ஒப்புக்கொண்டு, அடுத்த மருத்துவர்களுக்காக ஒரு பட்டியல் தயாரித்துவிட்டதாகச் சொன்னார். எங்களுக்குக் கட்டணத்தில் ஒன்றும் குறைக்கவில்லை.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். போகிற மருத்துவர்கள் செப்டம்பர், அக்டோபர் மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள். வரித் தணிக்கைக் காலத்தில் மூத்தவரைப் பார்க்க முடியாது, இளையவர்கள் 'சார்கிட்ட கேட்டுச் சொல்றோம்' என்பதைத் தாண்டி வாயைத் திறப்பதில்லை. இங்கே நான் குறிப்பிட்டிருக்கும் வருமான வரிப் பிரிவு எண்கள் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் எண்கள். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டத்தில் எண்கள் மாறுகின்றன, ஆகவே எண்ணைச் சொல்லிக் கேட்காமல் விஷயத்தைச் சொல்லிக் கேளுங்கள். வங்கியின் கடன் கடிதத்தை மறக்காமல் கொண்டுபோங்கள். அலுவலகம் இரண்டாம் மாடியில் இருக்கிறது, லிஃப்ட் கிடையாது. வயதான இட உரிமையாளரைக் கையெழுத்துக்கு அழைத்துப் போவதாக இருந்தால் முன்னமே சொல்லிவிட்டால் கீழே இறங்கி வந்து வாங்கிக்கொள்கிறார்கள்.